திரிசடை இருக்கிறது, தோணி எங்கே?

2022 ஏப்ரலில் ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2’ என்ற கணினி விளையாட்டுக்கு இந்திய அரசவம்சங்களை மையமாக வைத்து ஓர் இணைப்பு வெளிவந்தது. திராவிடர் என்ற பெயரில் ஒரு புதிய தரப்பு அதில் சேர்ந்தது. அவர்களுக்கென்றே திரிசடை என்ற பெரிய போர்க்கப்பலும் சேர்ந்தது. உலகமறிந்த ஒரு விளையாட்டில் தமிழ்ப் பெயரோடு ஒரு கப்பல் ஓடுவதைக் கண்டு இளைஞர்கள் மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சியில் பிழையில்லை. ஆனால் கப்பலைத் தெரிவுசெய்த விதத்தைக் கொஞ்சம் உரசிப் பார்க்கவேண்டும். சோழர் கடற்படை பற்றிப் பரவலாக எழுதப்படுகின்றவற்றில் திரிசடை என்ற பெயர் அடிக்கடி வரும். அது எத்தனை முழ நீளம், எத்தனை பாய்மரம், எந்த மரத்தில் கட்டப்பட்டது என்று சொல்லும் சோழர் காலத்துக் கல்வெட்டோ சிற்பமோ நம்மிடம் இல்லை. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி கடலில் கலங்கள் பல போனதைச் சொல்கிறதே தவிர, அவை எப்படிப்பட்ட கலங்கள் என்று வாய்திறப்பதில்லை. இன்னொரு பக்கம் பாருங்கள். தோணி, வத்தை, சலங்கு, வள்ளம், கட்டுமரம் எல்லாம் நம் பாட்டன்மார் காலம்வரை இந்தக் கடலில் ஓடியவை. சென்னை மாகாண மீன்பிடித் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹோர்னெல் இந்தியக் கரையோரப் படகுகளைத் துறை துறையாகப் போய்ப் பார்த்து, 1920 இல் ஒரு பெரிய ஆய்வாகவே வெளியிட்டுவிட்டார். ஆதாரம் மெலிந்த பெருங்கப்பலுக்கு விளையாட்டில் இடம் கிடைத்துவிட்டது. ஆதாரம் குவிந்து கிடக்கும் சிறுகலங்கள் கரையிலேயே நிற்கின்றன. கடற்போர் விளையாட்டு எதுவானாலும், அது இந்துமாக்கடலுக்குள் வருகிறதென்றால், இந்தச் சிறுகலங்களைப் பல வகையாகச் சேர்க்காமல் கடலைச் சரியாகக் காட்டமுடியாது என்பதே என் வாதம். இது ஊர்ப் பெருமைக்காகச் சொல்வதல்ல. கடலின் கணக்கு அப்படி.

கணக்கை ஆழத்திலிருந்து தொடங்கலாம். பாக்கு விரிகுடாவின் சராசரி ஆழம் சுமார் 9 மீற்றர். டிரஃபால்கர் போரில் நெல்சனைச் சுமந்த ‘விக்டரி’ கப்பலின் அடி, நீருக்குள் சுமார் 8.8 மீற்றர் அமிழும். அதாவது 104 பீரங்கிகளோடு உலகக் கடல்களை ஆண்ட அந்தக் கப்பலை ஊர்காவற்துறைக்கும் தொண்டிக்கும் நடுவில் கொண்டுவந்து விட்டால், அடிக்கும் மணலுக்கும் இடையில் ஒரு சாண்தான் மிஞ்சும். ஓர் அலை ஏறி இறங்கினால் அதுவும் இல்லை. ஆதாம் பாலத்துத் திட்டுகளில் சில இடங்களில் ஆள் இறங்கி நிற்கலாம். அராலிப் பக்கத்துக் கடனீரேரியில் வள்ளக்காரர் துடுப்பை வைத்துவிட்டுத் தாங்குகோலால் ஊன்றிப் போவது வேடிக்கைக்காக அல்ல. இப்படிப்பட்ட நீரில் கப்பலின் பெருமை அதன் பீரங்கி எண்ணிக்கையில் இல்லை. எத்தனை அடி அமிழும் என்பதில்தான் இருக்கிறது. கரீபியன் கடலை வைத்து எழுதிய விதிகளை அப்படியே தூக்கி இங்கே போட்டால் விளையாட்டு ஓடும், கடல் ஓடாது.

இந்தக் கரையின் போர்வரலாறும் இதையே சொல்கிறது. 1538 இல் இராமேஸ்வரத்துக்கு அருகே வேதாளையில் நடந்த சண்டை இலங்கை அரசியலையே திசைமாற்றியது. சீதாவாக்கை அரசன் மாயாதுன்னைக்கு உதவியாகக் கோழிக்கோட்டுச் சாமூதிரி பக்கத்திலிருந்து பட்டு மரைக்காயரின் தலைமையில் வந்த படை, பெரிய கப்பல்களில் வரவில்லை. துடுப்பும் பாயும் சேர்ந்த படவுகளில் வந்தது. கோவாவிலும் கொச்சியிலும் உயர்ந்து நின்ற தங்கள் பெருங்கப்பல்களை நம்பி அந்தப் படவுகளைத் துரத்தமுடியாது என்பதைப் போர்த்துக்கேயர் அதற்கு முன்பே படித்துவிட்டார்கள். போர்த்துக்கேயத் தளபதி மார்ட்டிம் அஃபோன்சோ டி சூசா வேதாளையில் வென்றது, தானும் துடுப்புக் கலங்களில் வந்து மோதியதால்தான். பதினாறாம் நூற்றாண்டு முழுவதும் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்மாரோடு போராடிய போர்த்துக்கேயர், மெல்ல மெல்லத் தங்கள் எதிரியின் கலத்தைப் போன்ற கலத்துக்கே இறங்கிவந்தார்கள். பெரிய வல்லரசு ஒன்று சின்னக் கலத்தைப் பார்த்துத் தன் கடற்படையை மாற்றிக்கொண்ட கதை இது. எந்தக் கடற்போர் விளையாட்டிலாவது இதை நடத்திப் பார்க்கமுடியுமா? முடியாது. ஏனென்றால் அங்கே சின்னக் கலம் என்பது, கையில் காசு சேரும்வரை பொறுத்துக்கொள்ளும் ஓர் இடைக்காலத் தொல்லை.

யாழ்ப்பாண இராச்சியத்தின் கடைசிப் பக்கமும் ஒரு படகில்தான் எழுதப்பட்டது. 1619 இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப்பே டி ஒலிவேரா படையோடு வந்து நல்லூரைப் பிடித்தபோது, கடைசி அரசனான சங்கிலி குமாரன் கடல்வழியாகத் தஞ்சாவூர்ப் பக்கம் தப்பிப் போக முயன்று, போகும் வழியில் பிடிபட்டான். அக்கரைக்கும் இக்கரைக்கும் இடையில் அவனுக்கிருந்தது ஓரிரவுப் பயணம். தஞ்சை நாயக்கர் உதவிப் படை பின்னர் வந்திறங்கியதும், 1658 இல் ஒல்லாந்தர் ஊர்காவற்துறைக் கால்வாயின் நடுவிலிருந்த கடற்கோட்டையை வளைத்துக் குடிநீர் தீரும்வரை காத்திருந்து எடுத்ததும், பெருங்கடற்போர்கள் அல்ல. ஒடுங்கிய நீர், மாறும் காற்று, கொஞ்சம் தண்ணீர், தெரிந்த வழி, தெரியாத திட்டு: இவைதான் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தன. ஒரு விளையாட்டை வடிவமைப்பவருக்கு இதைவிட நல்ல மூலப்பொருள் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

விளையாட்டுத் தயாரிப்பவர்களுக்கு இது அறவே தெரியாது என்று சொல்வதும் நியாயமில்லை. 1987 இல் சிட் மையர் உருவாக்கிய ‘பைரட்ஸ்’ விளையாட்டிலேயே சின்னக் கலங்கள் திட்டுகளுக்கு மேலால் தப்பிப் போகும், பெரியவை அடிபடும். ‘நேவல் அக்சன்’ விளையாட்டில் ஆழமற்ற துறைமுகங்களுக்குச் சிறிய வகுப்புக் கப்பல்கள் மட்டுமே போகலாம் என்ற விதி இருக்கிறது. ஆக, விதி தெரியும். ஆனால் அந்த விதிக்குள் ஓடுகின்ற கலங்கள் பெரும்பாலும் அத்திலாந்திக் கரைக்காரர்களுடையவை. இந்துமாக்கடலையே களமாக வைத்து 2024 பெப்ரவரியில் யூபிசொஃப்ட் வெளியிட்ட ‘ஸ்கல் அன்ட் போன்ஸ்’ ஒருபடி முன்னே போனது. சிங்கப்பூரில் தயாரான விளையாட்டு அது. அரபுக் கரையின் சம்புக், மலாய்க் கரையின் பேடார், சுலவேசியின் படேவாக்கங் எல்லாம் அதில் உண்டு. அதற்காக அவர்களைப் பாராட்டலாம். இருந்தாலும் இரண்டு குறைகள். ஒன்று, விளையாடத் தொடங்குபவர் கையில் முதலில் கொடுக்கப்படும் ‘தௌ’ என்ற சின்னக் கலம், முதலையும் சுறாவும் வேட்டையாடிவிட்டுக் கழற்றிவிடப்படும் கலம். ஆயிரம் ஆண்டுகள் ஒரு கடலின் வணிகத்தைச் சுமந்த கலக்குடும்பத்துக்கு அங்கே பயிற்சி வண்டியின் மரியாதைதான். இரண்டு, ஆபிரிக்கக் கரையிலிருந்து தாவும் அந்தக் கற்பனை வரைபடம் நேரே கிழக்கிந்தியத் தீவுகளில்தான் காலூன்றுகிறது. நடுவில் வங்காள விரிகுடாவையும் பாக்கு நீரிணையையும் காணோம். இந்துமாக்கடலின் நடுப்பக்கத்தைக் கிழித்துவிட்டு முன்னட்டையும் பின்னட்டையும் கொடுத்த மாதிரி.

சின்னக் கலங்களைச் சேர்ப்பதென்றால் என்ன என்பதையும் தெளிவாகச் சொல்லவேண்டும். ஒரே கப்பலைச் சுருக்கி, பாயின் நிறத்தை மாற்றி, பெயரை மட்டும் தமிழில் போடுவதல்ல. ஒவ்வொரு கலமும் ஒரு தனி விதியைக் கொண்டுவரவேண்டும். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கத்து வத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒடுங்கி நீண்ட உடல், வரிசையாக மூன்று பாய்மரம். காற்று வலுத்தால் அந்த ஒடுங்கிய உடல் கவிழாமலிருக்க, காற்று வருகின்ற பக்கத்தால் ஒரு நீண்ட பலகையை வெளியே நீட்டிவிடுவார்கள். ஆட்கள் அந்தப் பலகையில் ஏறி, கடலுக்கு மேலே குந்தியிருந்து எடைகொடுப்பார்கள். காற்று தணிந்தால் உள்ளே வருவார்கள், சீறினால் இன்னும் தள்ளிப் போவார்கள். திசை மாறினால் பலகையை மறுபக்கம் மாற்றவேண்டும். விளையாட்டில் ‘மாலுமிகள்’ என்பது வெறும் ஓர் எண். இருபது பேர் இருந்தால் பீரங்கி இவ்வளவு வேகமாகச் சுடும், அவ்வளவுதான். வத்தையில் அந்த எண்ணுக்கு எடை உண்டு, இடம் உண்டு. சண்டைக்காக இரண்டு பேரைப் பலகையிலிருந்து இறக்கினால் பாயைச் சுருக்கவேண்டிவரும். இதைவிட நுட்பமான ஒரு தந்திரச் சிக்கலை எந்த மூன்றடுக்குப் பீரங்கிக் கப்பலாலும் தரமுடியாது.

தென்னிலங்கையின் ‘ஒருவ’ என்ற கலம் இன்னொரு விதியைக் கொண்டுவரும். ஒரு பக்கத்தில் மிதவைக் கட்டை பூட்டிய அந்தக் கலத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். மிதவை எப்போதும் காற்றுப் பக்கமே இருக்கவேண்டும் என்பதால், திசைமாற்றும்போது கலத்தைத் திருப்புவதில்லை. சுக்கானைக் கழற்றி மறு நுனியில் மாட்டி, பாயைப் புரட்டி, பின்பக்கத்தை முன்பக்கமாக்கிப் போய்விடுவார்கள். மிதவையில் எத்தனை பேர் ஏறவேண்டியிருக்கிறது என்பதை வைத்தே காற்றை ஓராள் காற்று, ஈராள் காற்று என்று அளந்த கடலோடிகள் அவர்கள். அதே மிதவையைப் பெரிய சரக்குக் கப்பலிலும் பூட்டிய யாத்ரா தோணி 1930 அளவில் மாலைதீவுக் கடலில் உடைந்ததோடு அந்த வகையே அற்றுப்போனது. சென்னைக் கரையின் மசூலாப் படகு ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்தது. அலைவாயில் தரையோடு மோதும்போது பலகை நெகிழ்ந்துகொடுக்கும், உடையாது. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அந்த இடத்தில் உடைந்து சிதறும். சென்னைக்குத் துறைமுகம் கட்டும்வரை கவர்னர்களும் கம்பனிக்காரர்களும் கப்பலிலிருந்து கரைக்கு வந்தது அந்தத் தைத்த படகை நம்பித்தான். கட்டுமரம் விடியப்புறத்துக் கரைக்காற்றில் வெளியே போய், மதியத்துக் கடற்காற்றில் திரும்பும். இவை ஒவ்வொன்றையும் விளையாட்டில் விதியாக எழுதலாம். எழுதினால், ஒரே கடலில் நான்கு கலங்கள் நான்கு விதமாகப் பிழைக்கும்.

காற்றையும் மறக்கக்கூடாது. கரீபியன் விளையாட்டுகளில் காற்று பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்துதான் வரும். இங்கே சோளகம் பெயர்ந்தால் ஒரு கடல், வாடை எழும்பினால் வேறொரு கடல். இடையில் கச்சானும் கொண்டலும் தங்கள் பங்குக்கு வரும். வல்வெட்டித்துறையிலிருந்து பர்மாவுக்கும் வங்கத்துக்கும் அரிசிக்குப் போன கப்பல்கள், தென்மேற்குக் காற்றில் போய் வடகிழக்குக் காற்றில் திரும்பின. பிழையான மாதத்தில் புறப்பட்ட தண்டயலுக்கு, அதாவது கப்பல் தலைவனுக்கு, ஆறுமாதம் துறையில் காத்திருப்பதே தண்டனை. அந்த ஆறுமாதத்தை விளையாட்டில் கொண்டுவந்தால் வணிகம், கடன், வாடகை, துறைமுகத்து உறவு என்று வேறொரு அடுக்கே திறக்கும். போர்த்துக்கேயர் விற்ற கர்த்தாசு என்ற அனுமதிச் சீட்டு இல்லாமல் ஓடிய கலம் பிடிபட்டால் சரக்குப் போகும். ஒல்லாந்தரும் பின்னர் இதே மாதிரிச் சீட்டு முறையை நடத்தினார்கள். சீட்டு வாங்கிப் பெருந்துறையால் போவதா, திட்டுகளுக்குள்ளால் இரவோடிரவாக நழுவுவதா? யாழ்ப்பாணத்துப் புகையிலையைத் திருவிதாங்கூருக்கு ஏற்றுவதா, யானைகளைச் சோழமண்டலக் கரைக்கு ஏற்றுவதா? யானை ஏற்றிய கலத்தைச் சரித்து ஓட்டமுடியாது என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

சின்னக் கலம் என்றால் கரையோரத்தைத் தாண்டாது என்ற எண்ணத்துக்கு வல்வெட்டித்துறையே மறுமொழி சொல்லிவிட்டது. அங்கே வேப்ப மரத்தில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 89 அடி நீளம். இன்றைய கணக்கில் ஒரு பெரிய உல்லாசப் படகின் அளவுதான். ஏற்கெனவே ‘ஸ்வாப்’ என்ற 32 அடிப் பாய்ப்படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ரொபின்சன் அதை வாங்கி, தன் மனைவியின் பெயரைச் சேர்த்து ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என்று பெயர்மாற்றினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் சுக்கான் பிடிக்க, அது சூயஸ், ஜிப்ரால்ரர், பெர்முடா வழியாக 1938 ஒகஸ்ட் முதலாம் திகதி மசச்சூசெற்ஸ் மாநிலத்து குளோஸ்டர் துறையை அடைந்தது. மானிப்பாய்க்காரருக்கு இதில் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு முதலில் வந்த அமெரிக்க மிசனரிமார் 1815 ஒக்ரோபரில் ஏறிய ‘டிரையட்’ கப்பலும் அன்னபூரணியைப் போல இரட்டைப் பாய்மரக் கப்பல்தான், பிரிக் வகை. அது புறப்பட்ட நியூபரிபோர்ட்டும், அன்னபூரணி போய்ச் சேர்ந்த குளோஸ்டரும் ஒரே எசெக்ஸ் மாவட்டத்தில் இருக்கின்றன. அந்தச் சிறிய கப்பல் திறந்த வழியால்தான் பின்னாளில் மானிப்பாய்க்கு அச்சகம் வந்தது, 1842 இல் மானிப்பாய் அகராதி வந்தது, 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்தார். கடற்போர் விளையாட்டுகளில் பிரிக் என்ற கலம் ஏராளம். ஆனால் அது எப்போதும் நியூபரிபோர்ட் பக்கத்திலிருந்தே வரும். வல்வெட்டித்துறையிலிருந்து அதேபோல இரட்டைப் பாய்மரத்தோடு ஒரு வேப்பமரக் கப்பல் எதிர்த்திசையில் போனதை எந்த விளையாட்டும் இதுவரை காட்டியதில்லை. அன்னபூரணி இன்னொன்றையும் கற்பிக்கிறது. அதைக் கட்டிய ஓடாவி என்ற படகுத் தச்சரின் கை உள்ளூர்க் கை, மரம் உள்ளூர் மரம், பாயமைப்பு வெளியிலிருந்து எடுத்துத் தனதாக்கியது. ஆகவே விளையாட்டில் உடலையும் பாயையும் தனித்தனியாகப் பிரித்து, வேண்டியபடி பொருத்த விட்டால், வரலாற்றில் நடந்ததே நடக்கும்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகள் சில உண்டு. விளையாட்டு விளையாட்டுத்தான், சரித்திரப் பாடமல்ல என்பார்கள். சரி. ஆனால் மேலே சொன்ன எதையும் நான் பாடமாகச் சொல்லவில்லை. ஆட்டத்தின் சுவையாகவே சொன்னேன். பெரிய கப்பல்கள் இரண்டு பக்கவாட்டில் நின்று பீரங்கிகளை மாறிமாறிச் சுடுவது நூறாவது தடவையும் அதேதான். திட்டு, நீரோட்டம், கரைக்காற்று, பலகையில் குந்திய ஆள் என்று கலத்துக்குக் கலம் மாறும் விதிகள்தான் ஆட்டத்தைப் புதிதாக வைத்திருக்கும். சின்னக் கலத்தில் பீரங்கி இல்லை, அது எப்படிச் சண்டை பிடிக்கும் என்றும் கேட்பார்கள். படவுகளில் சின்னச் சுழல் பீரங்கிகள் இருந்தன. அவை கூட்டமாக வந்து, காற்று விழுந்து அசையாமல் நின்ற பெருங்கப்பலின் பின்புறத்தை, பீரங்கி எட்டாத பக்கத்தைத் தேடித் தாக்கின. தனியாக நிற்கும் படவு தோற்கும். இருபது படவு தோற்கவேண்டியதில்லை. இதைச் சமநிலைப்படுத்துவது வடிவமைப்பாளரின் வேலை, அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

செலவுக் கேள்வி இன்னும் கனமானது. ஒரு கப்பலைத் திரையில் உருவாக்கக் கலைஞர்கள் வாரக்கணக்கில் உழைக்கவேண்டும். அளவும் ஆதாரமும் இல்லாத கலத்துக்கு எந்த நிறுவனம் அந்தக் காசைச் செலவழிக்கும்? இங்கே மறுமொழி எங்கள் பக்கத்திலும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆதாரம் இருப்பது ஒன்று, அது எடுத்துப் பயன்படுத்தும் வடிவில் இருப்பது வேறொன்று. சாதவாகனர் நாணயத்தில் இரட்டைப் பாய்மரக் கப்பல் இருக்கிறது. அழகன்குளத்து ஓட்டுச் சில்லில் கீறிய கப்பல் இருக்கிறது. ஹோர்னெலின் படங்கள் இருக்கின்றன. அஜந்தா ஓவியம் ஒன்றை வைத்தே இந்தியக் கடற்படை ‘கவுண்டின்யா’ என்ற தைத்த பாய்க்கப்பலைக் கட்டியது. வரைபடம் எதுவும் கிடையாது. ஓவியத்திலிருந்து உடலின் வடிவத்தை ஊகித்து, சென்னை ஐஐடியில் நீரோட்டச் சோதனை செய்து, கேரளத்துத் தச்சர்கள் கயிற்றால் தைத்து, 2025 மே மாதம் கார்வாரில் அதைக் கடற்படையில் சேர்த்தார்கள். ஓர் ஓவியத்திலிருந்து உண்மைக் கப்பலே வந்துவிட்டது. அளவெடுத்த படங்களிலிருந்து திரைக் கப்பல் வராதா?

கடைசி மறுப்பு எங்கள் ஊருக்கே உரியது, அதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இந்தக் கடல் அண்மைக்காலம்வரை உண்மைப் போரைப் பார்த்த கடல். படகேறி இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தவர்களும், போய்ச் சேராதவர்களும் எங்கள் குடும்பங்களில் இருக்கிறார்கள். இன்றும் இழுவைப்படகுகளால் வலையறுந்து கரைக்கு வரும் தொழிலாளி இருக்கிறார். இப்படியொரு நீரில் பிள்ளைகளுக்குப் போர் விளையாட்டா என்று ஒரு தாய் கேட்டால் அது அறியாமைக் கேள்வியல்ல. என் மறுமொழி, அந்தக் கேள்வியே சின்னக் கலங்களுக்குச் சார்பானது என்பதுதான். பீரங்கிக் கப்பலைத் தவிர வேறொன்றும் இல்லாத விளையாட்டில் கடல் என்பது கொல்லும் இடம் மட்டுமே. தோணியும் வத்தையும் கட்டுமரமும் வந்தால் புகையிலை ஏற்றுவது, புயலுக்கு முன் துறை பிடிப்பது, சீட்டுக்காரரை ஏய்ப்பது, வழிதெரியாத கப்பலைக் கைபிடித்துத் திட்டுக் கடத்திவிடுவது எல்லாம் ஆட்டமாகும். காலத்தையும் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டில் வைக்கலாம். அண்மைய காயத்தை வைத்துக் காசு பார்க்கும் விளையாட்டு எவராவது செய்தால், அதை எதிர்த்து எழுதுவதில் நானும் நிற்பேன்.

இனிச் செய்யவேண்டியது பற்றி. வெளிநாட்டு நிறுவனத்துக்கு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது வீண்வேலை. வடக்கில் இப்போது பாயில் ஓடும் தோணி அருமை. கண்ணாடி இழைப் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் வந்தபின் ஓடாவிமாரின் கைவேலைக்கு ஆள் குறைந்துவிட்டது. ஏரா என்ற அடிமரம் வைத்து, வங்கு என்ற விலாமரம் நிறுத்தி, பலகை ஏற்றும் ஒழுங்கு எழுத்தில் இருப்பதைவிட அவர்கள் கையிலேயே அதிகம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறும் தொல்லியலும் ஒரு பக்கம், கணினி அறிவியல் இன்னொரு பக்கம் இருக்கின்றன. இந்த இரண்டு பக்கமும் சேர்ந்து, கரைகளில் மிஞ்சிக் கிடக்கும் மரக்கலங்களை வல்வெட்டித்துறை முதல் நெடுந்தீவுவரை அளந்து, முப்பரிமாண வரைபடமாக்கி, எவரும் கட்டணமின்றி எடுக்கும்படி விடவேண்டும். வைப்பதற்கு இடம் தேடவேண்டியதில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் எங்கள் ஆவணங்களை அப்படித்தான் திறந்து வைத்திருக்கிறது. யாழ் ஐரி ஹப் நடத்தும் யாழ் கீக் சலஞ்ச் போட்டியில் ஒரு கல்லூரி அணி பாக்கு நீரிணையில் ஓடும் ஒரு சின்ன விளையாட்டைக் கொண்டுவந்தால் நடுவர்கள் அதைத் தள்ளிவைக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். பெரிய நிறுவனங்களின் விளையாட்டுகள் பலவற்றில் ஆடுவோரே புதிய கலங்களைச் சேர்க்க வழியுண்டு. அளந்த படம் கையில் இருந்தால் சுன்னாகத்துப் பிள்ளையும் ரொறன்ரோப் பிள்ளையும் அந்த வேலையை வீட்டிலிருந்தே செய்வார்கள். ஆகவே முதல் வேலை அளவெடுப்பது. பல்கலைக்கழகத்தில் உள்ளவர்கள் அதை அடுத்த கல்வியாண்டின் மாணவர் ஆய்வுத் தலைப்புகளில் ஒன்றாகச் சேர்க்கவேண்டும். ஓடாவிமார் இருக்கும் ஊர்களின் கடற்றொழிலாளர் சங்கங்கள் அவர்களின் பெயர்களைத் திரட்டிக் கொடுக்கவேண்டும்.